கழற்ற முடியாத பற்றரி

எனது புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இறப்பர் வாசம் வரும். உள்ளே நொக்கியா கைத்தொலைபேசிகளின் இலக்கப் பட்டன் தகடுகள். 1100, 1600, 3310, 6600 என்று எல்லாம் கலந்து இருநூறுக்கு மேல் இருக்கும். வீடு துப்புரவாக்கும் நாட்களில் என் மனைவி அந்த டின்னைத் தூக்கித் துடைத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் வைப்பாள். இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டாள். கேட்டால் நான் 2007 ஜனவரியில் இருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.

என் மூத்த ராத்தாவின் மகன் அப்போது கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு புடவைக் கடையின் படிக்கட்டுக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம். ஒரு மேசை, ஒரு மேசை விளக்கு, சூட்டுக் காற்று அடிக்கும் கருவி, பழைய பல்துலக்கும் பிரஷ்கள், ஒரு போத்தல் தின்னர். சுனாமியில் வாப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வருடம் தொழில் பழகி வந்து, தன் உம்மாவுக்கும் இரண்டு தங்கச்சிமாருக்கும் சோறு போட்டவன். கடற்றொழிலாளரின் போன்கள்தான் அவனிடம் அதிகம் வரும். உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த பலகையை வெளியே எடுத்து, தின்னரில் கழுவி, பிரஷ் போட்டு, விளக்கின் கீழ் காயவைத்து உயிர் கொடுப்பான். செத்த போன் மீண்டும் வெளிச்சம் காட்டும்போது அவன் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் பாடசாலை விட்டு, அஸர் தொழுதுவிட்டு, அந்தப் படிக்கட்டில் போய் உட்காருவதுண்டு.

நான் மட்டுமல்ல, அங்கே ஒரு சபையே கூடும். நாலைந்து பொடியன்மார். அவர்களுக்குப் பட்டப் பெயர்கள் போன்களின் பெயர்களிலேயே இருந்தன. 'என்95' என்று ஒருவன். அவன் கையில் இருந்தது 1600 தான். ஆனால் 2006 செப்டம்பரில் நொக்கியா அறிவித்த என்95 இன் விபரம் முழுதும் அவனுக்கு மனப்பாடம். ஐந்து மெகாபிக்சல் கமரா, கார்ல் ஸைஸ் வில்லை, திசை காட்டும் ஜி.பி.எஸ்., இரண்டு பக்கமும் சறுக்கித் திறக்கும் மூடி என்று ஒப்புவிப்பான். 'வோக்மன்' என்று இன்னொருவன், சொனி எரிக்சன் பக்தன். றியாதில் வாப்பா உள்ளவன் ஒருவன். நெற் கபேயில் வேலை செய்த ஒருவன். இந்தச் சபையின் செய்தியாளன் அவன்தான். வாகரைப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த மாதம் அது. இருட்டும் முன்பே கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் ஒரு மணித்தியாலம், உலகத்துப் போன்கள் எல்லாம் எங்கள் படிக்கட்டில் விசாரணைக்கு வரும்.

2007 ஜனவரி 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிவித்தார். அங்கே காலை, எமக்கு இரவு பத்தரை மணியளவு. மறுநாள் அஸருக்குப் பிறகு, நெற் கபேக்காரன் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்த நாலு தாள்களுடன் வந்து சேர்ந்தான். தாளில் மை கசிந்து ஜொப்ஸின் முகம் தெரியவில்லை. கையில் பிடித்திருந்த போன் மட்டும் தெரிந்தது: பட்டன் இல்லாத ஒரு கறுப்புச் செவ்வகம், கீழே ஒரு வட்டம்.

"இதில எங்கால அடிக்கிற?" என்று கேட்டான் என்95.

"கண்ணாடியில விரலால தொட்டா நம்பர் வருமாம்."

"எல்.ஜி. பிராடாவும் அப்பிடித்தானே? போன மாசமே அறிவிச்சிட்டான். இது என்ன புதினம்?"

விமர்சனம் தொடங்கிவிட்டது. 3ஜி இல்லை, இலங்கைக்கே 3ஜி வந்த பிறகு அமெரிக்கன் 3ஜி இல்லாமல் போன் செய்கிறானா? (கல்முனைக்கு அது வந்து சேரவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) கமரா இரண்டே மெகாபிக்சல், பிளாஷ் கிடையாது. மெமரி கார்ட் போட இடமில்லை. ஒரே ஒரு தொலைபேசிக் கம்பனியின் சிம்தான் வேலை செய்யும். விலை 499 டொலர், கூடிய கொள்ளளவுக்கு 599. அதுவும் இரண்டு வருட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால். அன்றைய கணக்கில் ஐம்பதினாயிரம் ரூபாவுக்கு மேல். அந்த விலையைக் கேட்டுச் சபை சிரித்தது. ஐம்பதினாயிரம் அல்ல, ஐயாயிரம் ரூபாவுக்கு ஒரு போன் வாங்கவும் அவர்களில் மூன்று பேருக்கு வழியிருக்கவில்லை.

மருமகன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஏதோ ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு தாளை வாங்கி வாசித்துவிட்டு, "பற்றரிய கழட்ட ஏலாதாம்" என்றான். சபை ஒரு கணம் அடங்கிப் போனது. போன் தண்ணீரில் விழுந்தால் முதல் வேலையே பற்றரியைக் கழற்றுவதுதான் என்று அந்தப் படிக்கட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழற்ற முடியாத பற்றரி என்றால் காப்பாற்ற முடியாத போன்.

இந்தப் பொடியன்மாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்நாட்களில் பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள், பெரியவர்கள், இவர்களைப் பற்றிப் பேசிய விதம் நினைவிருக்கிறது. வாங்க முடியாத சாமானுக்கு வாய் பார்க்கும் கூட்டம், துன்யாவின் மோகம் என்போம். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்று, அந்த வருடம் நோபல் பரிசு பெற்றவரின் ஒரு பக்கத்தையும் வாசிக்காமல் நாங்கள் செய்த வாதங்களை விட அவர்களின் வாதம் தரமானது. அவர்கள் ஆதாரத்தோடு பேசினார்கள். ஆங்கிலப் பாடத்தில் இருபது புள்ளி எடுக்காத என்95, அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்தான். நகத்தாலோ குச்சியாலோ அழுத்தினால் இரண்டு படலங்கள் ஒன்றோடொன்று முட்டி வேலை செய்யும் திரை ஒரு வகை. விரலில் இருக்கும் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்யும் திரை இன்னொரு வகை. ஐபோன் இரண்டாம் வகை என்று ஒரு நாள் எனக்கு விளங்கப்படுத்தினான். பன்னிரண்டு வருடம் பாடசாலையில் யாரும் அவனை ஒன்றை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள். போனை வாங்கக் காசு வேண்டும். அதைப் பற்றிப் பேச அறிவு போதும். அந்தப் படிக்கட்டில் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் இன்று சொல்கிறேன். அன்று எனக்கு அந்த விசாரணையில் வேறு சுவை இருந்தது. நான் ஒரு நொக்கியாக்காரன். என்னிடம் 1100 இருந்தது, தலையில் டோர்ச் உள்ளது. மின்சாரம் நின்றால் விளக்கு, சுபஹுக்கு எழுப்பும் அலாரம், மூன்று நாள் நிற்கும் சார்ஜ். உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்குப் போனில் என்ன வேண்டும் என்பது என் கட்சி. போன் மோகம் இல்லாதவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்சியில் இவ்வளவு உறுதியாக நிற்பதும் மோகம்தான் என்று அப்போது தெரியவில்லை.

ஜூன் 29 இல் அமெரிக்காவில் போன் விற்பனைக்கு வந்தபோது எங்கள் பட்டியல் இன்னும் நீண்டது. எம்.எம்.எஸ். அனுப்ப முடியாது. வீடியோ எடுக்க முடியாது. ஓரிடத்தில் உள்ள எழுத்தைப் பிரதி எடுத்து இன்னோரிடத்தில் ஒட்ட முடியாது. எல்லாவற்றையும் விட மோசம், புளூடூத்தில் ஒரு பாட்டைக் கூட இன்னொரு போனுக்கு அனுப்ப முடியாது. எங்கள் ஊரில் புளூடூத் என்பது கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டு மாதிரி. கேட்டவருக்கு நீட்ட வேண்டும். நீட்டாத போன் என்ன போன்?

மைக்ரோசொப்டின் தலைவர் ஸ்டீவ் போமர் தொலைக்காட்சியில் இதே போனைப் பார்த்துச் சிரித்தார் என்ற செய்தியும் வந்தது. இவ்வளவு விலை, பட்டனும் கிடையாது, அலுவலகக்காரர் இதில் மின்னஞ்சல் எழுதமாட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். கல்முனைப் படிக்கட்டும் மைக்ரோசொப்டும் ஒரே தீர்ப்பு. எங்கள் பொடியன்மாருக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. செப்டம்பர் 5 ஆம் திகதி, விற்பனை தொடங்கிப் பத்துக் கிழமை ஆகும் முன்பே, 599 டொலர் போனை 399 ஆக்கினார்கள். வரிசையில் நின்று முதல் நாள் வாங்கியவர்கள் கொதித்து எழ, ஜொப்ஸ் மறுநாளே மன்னிப்புத் தோரணையில் கடிதம் எழுதி ஆளுக்கு 100 டொலர் பெறுமதியான கழிவு தருவதாக அறிவித்தார். "பெருநாள் உடுப்ப வாங்கி உடுத்த பிறகு பாதி விலைக்குப் போட்ட மாதிரி" என்றான் வோக்மன். எங்களுக்கு அது விழுந்துபோகும் ஒரு சாமானின் அறிகுறியாகவே தெரிந்தது.

அந்த உற்சாகத்தில்தான் நான் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினேன். மீன் அறுக்கும் கை, வரம்பில் சேறு பூசிய கை, சோறு பிசைந்த கை, இவற்றில் எந்தக் கைக்கு இந்தக் கண்ணாடி வேலை செய்யும் என்று கேட்டிருந்தேன். மேசைக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே பன்னிரண்டு பட்டனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் எங்கள் பிள்ளைகளின் விரல் வித்தையைப் புகழ்ந்திருந்தேன். கண் தெரியாத ஒருவர் ஐந்தாம் இலக்கத்தின் சின்ன மேட்டைத் தடவி இலக்கம் அழுத்துவதைச் சொல்லி, இந்தக் கண்ணாடியில் அவர் எதைத் தடவுவார் என்று முடித்திருந்தேன். கட்டுரை நன்றாக வந்திருந்தது. அதுதான் பிழைத்துப் போனது. பொடியன்மார் அதை வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினார்கள். வாடிக்கையாளர்கள் போன் திருத்தும் வரை நின்று வாசித்தார்கள். எனது சிறுகதைகள் எதற்கும் அவ்வளவு வாசகர்கள் கிடைத்ததில்லை.

2008 இல் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பிறகு மருமகன் வீட்டுக்கு வந்தான். கையில் துணியில் சுற்றிய ஏதோ இருந்தது. தோஹாவில் இருந்து லீவில் வந்த ஒருவர், பூட்டுத் திறந்து கொடுக்கும்படி கொடுத்த ஐபோன். 2007 ஓகஸ்டிலேயே ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற பதினேழு வயது அமெரிக்கப் பொடியன், அதன் பலகையில் ஈயம் வைத்து அந்தப் பூட்டை உடைத்துவிட்டான். அதற்குப் பிறகு சொப்ட்வெயாராலேயே உடைக்க வழி வந்தது. அந்தச் செய்தி வந்த நாள் முதல் மருமகன் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தான். ஒன்றுக்கும் உதவாத போனை உடைக்க ஒருவன் ஏன் ஒரு கோடை முழுவதும் இருந்தான் என்று அவனுக்கு யோசனை.

நெற் கபேயில் ஒரு இரவு முழுக்க இருந்து பூட்டைத் திறந்திருந்தான். மறுநாள் உரியவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எனக்குக் காட்ட வந்திருந்தான்.

"மாமா, இஞ்ச பாருங்களன்."

பெயர்ப் பட்டியலை விரலால் மேலே தள்ளினான். பெயர்கள் ஓடின. விரலை எடுத்த பிறகும் ஓடின. பிறகு வேகம் குறைந்து, தண்ணீரில் விட்ட தோணி கரையை நெருங்குவது போல மெல்ல நின்றன. கடைசிப் பெயருக்கு அப்பால் இழுத்தால் பட்டியல் கொஞ்சம் விலகிக் கொடுத்து, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பியது. அதை அவன் பத்துத் தடவை செய்தான். சான் பிரான்சிஸ்கோவில் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் வாய் பிளந்ததும் இந்த இடத்தில்தான் என்று பின்னர் அந்தக் காட்சியைப் பார்த்தபோது கண்டுகொண்டேன். அன்று மேடையில் காட்டப்பட்ட போன்கள் அரைகுறையானவை. எதற்குப் பின் எதைத் திறந்தால் நின்றுபோகாது என்று பார்த்து வைத்த ஒழுங்கிலேயே காட்டினார்கள். சிக்னல் கோடுகள் ஐந்தும் எப்போதும் தெரியும்படி செய்து வைத்திருந்தார்கள் என்று 2013 இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. ஆனால் அந்தப் பட்டியல் ஓடிய விதத்தில் பொய் இருக்கவில்லை.

"பற்றரிய ஈயம் வெச்சே ஒட்டியிரிக்கானாம் மாமா" என்று சொல்லிச் சிரித்தான். கோபமாகச் சொல்லவில்லை. தன்னை வென்ற ஆளைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "ஆனா இது வேற சாமான். மத்ததெல்லாம் நாம போனுக்குப் பழகிற. இது நமக்குப் பழகுது."

நான் போனை வாங்கி ஒரு தரம் தள்ளிப் பார்த்தேன். என் விரலுக்கும் அது ஓடியது. உள்ளே ஏதோ அசைந்ததை நான் மறைக்கத் தேவையில்லை. ஆனால் என் கட்டுரை சுவரில் இருந்தது. ஆகவே கேட்டேன்:

"தமிழில எழுத ஏலுமா?"

"ஏலாது மாமா."

"பாத்தியா?"

அவன் போனைத் துணியில் சுற்றினான். எனக்கு வென்றுவிட்ட திருப்தி. அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான், அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நான் அதைத் தமிழுக்காகக் கேட்கவில்லை.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன, கடைத்தெருவில் சனம் கூடியது. அந்த வருடக் கடைசியில் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி தன் கடையை மூடுவதாகவும், நொக்கியா உதிரிப் பாகங்களை அரை விலைக்குக் கொடுப்பதாகவும் தகவல் வந்தது. பட்டன் தகடுகள், மேற்கூடுகள், சார்ஜர் ஊசிகள், ஸ்பீக்கர்கள், சின்னத் திரைகள். மூன்று இலட்சம் ரூபா இருந்தால் அம்பாறை மாவட்டத்துக்கே மருமகன்தான் உதிரிப் பாகக்காரன்.

அவனுக்கு மனமில்லை. அதே கொழும்பில் ஒருவரிடம் மூன்று மாதம் நின்று, இந்தக் கண்ணாடிப் போன்களின் வேலையைப் பழகி வர வேண்டும் என்பது அவன் எண்ணம். கண்ணாடி என்றால் உடையும். உடைந்தால் மாற்ற ஆள் வேண்டும் என்றான். இதை அவன் 2009 இல் சொன்னான். இப்போது கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை எந்த போன் திருத்தும் கடைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது உடைந்த திரை மாற்றும் வேலைதான்.

ராத்தா என்னைக் கூப்பிட்டனுப்பினா. வாப்பா இல்லாத பிள்ளைக்கு மாமாவின் சொல்தான் சொல். முன் மண்டபத்தில் நான் கதிரையில் இருந்தேன், அவன் வாசற்படியில் நின்றான்.

"நீ என்னடா தம்பி சொல்றாய்? இவன் கொழும்புக்குப் போப்போறன் எண்டுறான்."

நான் பேசினேன். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரையைத்தான் வாயால் பேசினேன் என்று சொல்ல வேண்டும். உலகத்தில் விற்கும் பத்துப் போனில் நாலு நொக்கியா என்றேன். நம் ஊரில் எட்டு என்றேன். மீன் அறுக்கும் கையும் சேறு பூசிய கையும் மறுபடி வந்தன. நன்றாகப் பேசும்போது ஒரு மனிதனுக்குத் தன் குரல் இனிமையாகக் கேட்கும், எனக்குக் கேட்டது. மருமகன் இடையில் ஒரு தரம், "மாமா, நீங்க அத தொட்டுப் பாத்தீங்கதானே" என்றான். நான் அதற்குப் பதில் சொல்லாமல் பேச்சைத் தொடர்ந்தேன்.

ராத்தாவின் இரண்டு சோடிக் காப்பும் வங்கியில் ஈடாக வைக்கப்பட்டன. என் சீட்டுக் காசில் எண்பதினாயிரம் போட்டேன். லொறியில் பெட்டிகள் வந்து இறங்கின.

முதல் வருடம் நன்றாகவே போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2010 இல் அவன் வட்டியும் கட்டினான், தங்கச்சி ஒருத்திக்கு நிச்சயமும் செய்தோம். 2011 பெப்ரவரியில் நொக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலொப், தன் ஊழியருக்கே எழுதிய கடிதத்தில், எரியும் எண்ணெய் மேடையில் நிற்கும் மனிதனுக்குத் தங்கள் நிலையை ஒப்பிட்டார் என்று செய்தி வந்தது. வோக்மன் அதைக் கொண்டுவந்து காட்டியபோது மருமகன் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் மஞ்சள் படிந்திருந்த என் கட்டுரையை அன்றுதான் அவன் எடுத்திருக்க வேண்டும். அடுத்த நாள் போனபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. 2012 இல் பதினான்கு வருடமாக நொக்கியா வகித்த முதலிடம் சம்சுங்கிடம் போனது. மலிவான அன்ட்ரொய்ட் போன்கள் கல்முனைக் கடைகளில் தொங்கத் தொடங்கின. மீன் வியாபாரி கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தொட்டார். அவ்வளவுதான், அவருக்கு ஒரு துடைப்பு. நான் ஒரு பந்தி எழுதியிருந்தேன்.

2013 செப்டம்பரில் இரண்டு செய்திகள் வந்தன. நொக்கியா தன் கைத்தொலைபேசித் தொழிலை மைக்ரோசொப்டுக்கு விற்கிறது என்பது ஒன்று. ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது என்பது மற்றது. மருமகன் அதற்கு மூன்று மாதம் முன்பே தோஹா போய்விட்டான், ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதும் வேலைக்கு. காப்புகள் ஏலத்தில் போயின. ஒரு சோடிக்குரிய காசைப் பின்னாளில் நான் ராத்தாவிடம் கொடுத்தேன். வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தா. மற்றச் சோடி பற்றி நானும் பேசவில்லை, ராத்தாவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு வரியும் பிழையில்லை. 3ஜி இல்லாதது உண்மை. அடுத்த வருடமே வந்தது. பிரதி எடுத்து ஒட்டுவதும் எம்.எம்.எஸ்ஸும் 2009 இல் வந்தன. கண் தெரியாதவர் எதைத் தடவுவார் என்று நான் கேட்டதற்கும் 2009 இலேயே பதில் வந்துவிட்டது; திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியை அந்த வருடப் போனில் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரில் பார்வையற்ற ஒரு ஹாபிழ் அதை வைத்திருப்பதைப் பார்த்த நாளில் நான் வேறு தெருவால் வீட்டுக்குப் போனேன். படிக்கட்டுச் சபை குறைகளை எண்ணியது. போமரும் எண்ணினார். எண்ணத் தெரிந்தவர்கள் எல்லோரும் எண்ணினோம். மருமகன் ஒருவன்தான் எண்ணுவதை நிறுத்திவிட்டு விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் அதைச் சொல்ல என்னளவு சொற்கள் இருக்கவில்லை.

தோஹாவில் அவன் அறையில் ஐந்து பேர். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் போன் அறிவிக்கும் இரவில் எல்லோரும் விழித்திருந்து பார்க்கிறார்கள். மறுநாள் எனக்குக் குரல் பதிவு அனுப்புவான். கமராவில் இன்ன மாற்றம், சார்ஜில் இன்ன மாற்றம், விலைக்குப் பெறாது, பழையதே போதும் என்று வரும் அந்தக் குரலில் அந்தப் படிக்கட்டு கேட்கும். என்95 இப்போது ஆங்கில ஆசிரியர் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். வோக்மன் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

போன வருட லீவில் மருமகன் மனைவி பிள்ளையுடன் வந்திருந்தான். மகளுக்கு ஆறு வயது. அவள்தான் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து டின்னை இழுத்தெடுத்தாள். அவன் லொறியில் ஏற்றிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்த நாளில், பெட்டிகளுக்கு இடையில் இருந்து நான் எடுத்து ஒளித்துக்கொண்டு வந்த டின் அது. அவன் அறிந்திருக்கவில்லை. மூடி திறந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

"கண்ணப் பொத்து வாப்பாட" என்றான் மகளிடம்.

அவள் பின்னால் நின்று பொத்தினாள். அவன் டின்னுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, பெருவிரலால் தடவி, சொல்லச் சொல்லப் பாயில் வைத்தான்.

"1600. இது 3310. இது... 6600. இது மாமாட 1100."

பதினைந்து வைத்திருப்பான். ஒன்றும் பிழைக்கவில்லை. பிள்ளை ஒரு தகட்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து ஐந்தாம் இலக்கத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு காதில் வைத்துக் கேட்டாள். சத்தம் வரவில்லை என்று என்னிடம் முறையிட்டாள். மருமகன் பாயில் கிடந்தவற்றைப் பொறுக்கி டின்னுக்குள் போட்டு மூடினான். கையில் எடுத்துக்கொண்டு எழும்பியவன், ஒரு கணம் நின்று, பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே அதைக் கொண்டுபோய் வைத்தான். பிள்ளையின் கையில் இருந்த 1100 இன் தகடு மட்டும் அவளுடைய பள்ளிக்கூடப் பைக்குள் போய்விட்டது.